சொல் கேளாத மடை

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் இந்த நோய்க்குப் பெயர் ‘சீனி’. நீரிழிவு என்பது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கும் சொல். சலரோகம் பழைய வைத்தியர்களின் சொல். வீட்டுக்குள் “அவருக்குச் சீனி”, “சீனி ஏறிட்டு”, “சீனியால காலெடுத்த” என்றுதான் பேச்சு. பெயரிலேயே காரணமும் இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். பிளேன்டீக்குக்கூடச் சீனி போடாத எங்கள் மாமி ஒருவர், இரத்தப் பரிசோதனைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் சீனியத் தொடுறல்லயே, எனக்கெப்பிடிக் கா இது வந்த?” என்று கேட்டதும் அதனால்தான். ஆளும் மெலிவு. குண்டு என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது.

மாமியின் கேள்வி சிறுபிள்ளைத்தனமானது அல்ல. மருத்துவ அறிவியல் ஏறக்குறைய தொண்ணூறு வருடங்களாக இதே கேள்வியைத்தான் வேறு சொற்களில் கேட்டுக்கொண்டிருக்கிறது. சதையி இன்சுலினைச் சுரக்கிறது, இரத்தத்தில் அது தாராளமாக இருக்கிறது, பிறகும் ஏன் குளுக்கோசு கலத்துக்குள் போகவில்லை? பாடநூல்களில் இதற்கு இன்சுலின் எதிர்ப்பு என்று பெயர். இன்றுவரை யாரும் ஒற்றை விடை சொல்லி முடிக்கவில்லை. ஆனால் சந்தேகத்துக்கு ஆளானவர்கள் ஒவ்வொருவராக விசாரிக்கப்பட்டுவிட்டார்கள், சிலர் விடுதலையும் ஆகிவிட்டார்கள். விசாரணை எங்கே வந்து நிற்கிறது என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எங்கள் கரையின் கணக்கு. 2005-06 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிரசாத் கட்டுலந்தவும் குழுவினரும் இலங்கையில் நீரிழிவு எவ்வளவு என்று ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நோய் இருந்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தமக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள். மேல் மாகாணத்தில் 18.6, ஊவாவில் 6.8. ஆய்வு நடந்தது ஏழு மாகாணங்களில் மட்டுமே. வடக்கும் கிழக்கும் யுத்தத்தால் சேர்க்கப்படவில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து போன பிறகு, மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சனங்கள் கூடாரங்களில் இருந்த காலம் அது. சீனி பார்க்க யார் வரப்போகிறார்கள்? ஆக, நாட்டின் நீரிழிவு வரைபடம் என்று பத்து வருடங்களுக்கு மேலாக எல்லோரும் மேற்கோள் காட்டிய ஆய்வில் எங்கள் கரை வெற்றிடம். 2018-19 இல் நாடு முழுவதையும் சேர்த்து நடந்த சுகாதார, முதுமை ஆய்வில் வளர்ந்தோரில் ஏறத்தாழ 23 சதவீதம் என்ற கணக்கு வந்தது. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த ஆய்வுகள் அல்ல, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்க்கக் கூடாது. ஆனாலும் நாலு பேர் கூடினால் அதில் ஒருவருக்குச் சீனி என்பதை நம்பப் பெருநாள் வீட்டுக்கு ஒருமுறை போய்வந்தால் போதும்.

இனி ஆய்வுகூடத்துக்குப் போகலாம். 1921 இல் டொரொன்டோவில் பிரெட்ரிக் பான்டிங்கும் சார்ள்ஸ் பெஸ்டும் நாயின் சதையியிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு, மாட்டுச் சதையியிலிருந்து எடுத்த அதே வகைச் சாற்றை ஏற்றினார்கள். முதல் ஊசியால் பெரிய பயனில்லை. ஜேம்ஸ் கொலிப் சுத்திகரித்துக் கொடுத்த சாறு சில நாட்களில் பையனை எழுப்பிவிட்டது. அடுத்த வருடமே நொபெல் பரிசு. அந்த வெற்றியின் வெளிச்சம் மருத்துவத்தின் கண்ணையே கூசவைத்துவிட்டது. நீரிழிவு என்றால் இன்சுலின் இல்லாமை என்று அதன் பிறகு எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

1936 இல் லண்டனில் ஹரோல்ட் ஹிம்ஸ்வேர்த் மிக எளிமையான ஒரு காரியம் செய்தார். நோயாளிக்கு வாய்வழியே குளுக்கோசு, அதே நேரத்தில் நாளத்தில் இன்சுலின். சிலருக்குச் சீனி ஏறவில்லை, இன்சுலின் தன் வேலையைச் செய்தது. வேறு சிலருக்கோ இன்சுலின் ஏற்றியும் சீனி பாட்டுக்கு ஏறியது. அப்படியானால் இரண்டாவது கூட்டத்தாரின் குறை இன்சுலின் அல்ல, இன்சுலினைக் கேட்கும் காது. அதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இரத்தத்தில் இன்சுலினை அளக்கும் வழி இல்லாததால். அந்த வழியை நியூயோர்க்கில் ரோசலின் யாலோவும் சொலமன் பெர்சனும் கண்டுபிடித்து 1960 இல் விரிவாக வெளியிட்டார்கள். நடுவயதில் சீனி வந்தவர்களின் இரத்தத்தில் இன்சுலின் இருந்தது, பலரிடம் சாதாரண ஆட்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. யாலோவுக்கு 1977 இல் நொபெல் கிடைத்தபோது பெர்சன் உயிரோடு இல்லை.

இன்சுலின் என்ன செய்கிறது என்று விளக்க எல்லோரும் பூட்டும் சாவியும் கொண்டுவருவார்கள். எங்கள் பக்கத்துக்கு அது தேவையில்லை, எங்களிடம் கல்லோயா இருக்கிறது. இங்கினியாகலையில் தேக்கிய நீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து கரையோர வயல்கள்வரை வருகிறது. எந்த மடையை எப்போது திறப்பது என்று சொல்பவர் வட்டவிதானை. இதில் நீர் குளுக்கோசு. இன்சுலின் நீர் அல்ல, வட்டவிதானையின் சொல். சொல்லை ஒருவர் கேட்டு இன்னொருவருக்குச் சொல்லி, அவர் மூன்றாமவருக்குச் சொல்லி, கடைசி ஆள் மண்வெட்டியோடு போய் மடையைத் திறக்க வேண்டும். வழியில் யாராவது ஒருவர் உறங்கிவிட்டாலும் வயல் காயும்.

கலத்தின் மென்சவ்வில் நிற்கும் முதல் ஆளுக்கு எங்கள் உயர்தரப் பாடநூலில் ‘வாங்கி’ என்று பெயர். யார் சூட்டிய பெயரோ, நல்ல பெயர். வெளியே வந்த செய்தியை வாங்கி உள்ளே கொடுப்பதுதான் அதன் தொழில். இன்சுலின் வந்து ஒட்டியதும் இந்த வாங்கி தன் உட்புறத்திலுள்ள தைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பொசுபேற்றுக்களைக் குத்திக்கொள்கிறது என்று 1982 இல் மசாட்டோ கசுகா, ரொனால்ட் கான் குழுவினர் காட்டினார்கள். 1985 இல் இரண்டு குழுக்கள் வாங்கியின் மரபணுவைப் படித்து முடித்தன. அதே வருடம் மொரிஸ் வைட் அடுத்த ஆளைப் பிடித்தார். வாங்கியிடமிருந்து சொல்லைக் கேட்கும் அந்தப் புரதத்துக்குப் பிறகு ஐ.ஆர்.எஸ்-1 என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து பி.ஐ-3 கைனேசு என்ற நொதியம், அதிலிருந்து ஆக்ட் என்ற நொதியம். ஆக்ட் சொன்னதும் கலத்தின் உள்ளே சிறு பைகளில் பதுங்கிக் கிடக்கும் குளூட்-4 என்ற வாயில்கள் மென்சவ்வுக்கு நகர்ந்து வந்து பதிகின்றன. இந்த நகர்வை 1980 இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. இன்சுலின் இறங்கியதும் வாயில்கள் திரும்பவும் உள்ளே போய்விடும். நிரந்தரமான கதவு அல்ல, அழைத்தால் வரும் கதவு.

இந்த நீரில் பெரும்பங்கு எங்கே பாய்கிறது? தசைக்குள். 1990 இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் ஷுல்மன், அணுக்காந்த ஒத்ததிர்வு முறையால் உயிருள்ள மனிதரின் தசைக்குள்ளேயே எட்டிப்பார்த்தார். இரண்டாம் வகை நீரிழிவுக்காரரின் தசை, குளுக்கோசைக் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கும் வேகம் சாதாரண ஆட்களின் பாதிக்கும் கீழே இருந்தது. வயல் காய்வது நிச்சயம். எங்கே அடைத்துக்கொண்டது என்பதில்தான் பிரச்சினை.

முதல் சந்தேகம் இயல்பாகவே வாங்கிமேல் விழுந்தது. வாங்கியின் மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகள் உண்டு, மிக அரிது, மிகக் கொடியது. ஆனால் சாய்ந்தமருதுச் சந்தையில் நடமாடும் சீனிக்காரர்களுக்கு வாங்கி நன்றாகத்தான் இருக்கிறது. 1998 இல் கான் குழுவினர் தசையில் இன்சுலின் வாங்கியே இல்லாத எலிகளை உண்டாக்கினார்கள். எல்லோரும் நீரிழிவை எதிர்பார்த்தார்கள், அது வரவில்லை. தசை மறுத்த குளுக்கோசு கொழுப்பிழையத்துக்குப் போனது, எலி கொஞ்சம் கொழுத்தது, அவ்வளவுதான். 2000 இல் ஈரலிலிருந்து மட்டும் வாங்கியை எடுத்தபோது எலியின் சீனி தறிகெட்டு ஏறியது. ஒரு வயல் காய்ந்தால் பக்கத்து வயலுக்கு நீர் போகும். தலைமடையே பழுதானால் ஊரே காயும்.

அடுத்த சந்தேகம் ஐ.ஆர்.எஸ்-1. தைரோசினில் பொசுபேற்று ஏறினால் சொல் உள்ளே போகும், செரின் என்ற வேறொரு அமினோ அமிலத்தில் ஏறினால் சொல் அமுங்கும் என்று ஒரு விதி உருவானது. 307 ஆம் இடத்துச் செரின்தான் வில்லன் என்று நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. அழற்சி, கொழுப்பமிலம், எல்லாமே அந்த ஒரு பொத்தானைத்தான் அழுத்துவதாகப் படம் வரைந்தார்கள். 2010 இல் மொரிஸ் வைட்டின் குழுவே அந்தச் செரினை நீக்கிவிட்டு எலியை வளர்த்துப் பார்த்தது. வில்லன் இல்லாத எலி இன்சுலினை இன்னும் நன்றாகக் கேட்க வேண்டும் அல்லவா? மோசமாகவே கேட்டது. அந்த இடத்துச் செரின் காவல்காரனாக இருந்திருக்கிறது. இந்தத் துறையின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. தாம் பிடித்துக் கொடுத்தவனைத் தாமே நிரபராதி என்று எழுதுவதற்கும் ஒரு மனம் வேண்டும்.

அழற்சியின் கதையும் கொஞ்சம் இப்படித்தான். 1993 இல் கொக்ஹான் ஹோட்டமிஸ்லிகிலும் புரூஸ் ஸ்பீகல்மனும் பருத்த எலிகளின் கொழுப்பிழையம் டி.என்.எஃப்-அல்பா என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கிறது என்றும், அதைக் கட்டிப்போட்டால் எலி இன்சுலினைக் கேட்கிறது என்றும் காட்டினார்கள். கொழுப்பிழையம் சும்மா கிடக்கும் மூடை அல்ல, பேசும் உறுப்பு என்ற எண்ணம் வலுத்தது. அடுத்த வருடமே ஜெஃப்ரி ஃபிரீட்மன் லெப்டினைக் கண்டார். அதன்பின் அடிபோனெக்டின் வந்தது. ஆனால் மனிதரில் டி.என்.எஃப்பைக் கட்டிப்போட்ட 1996 ஆம் ஆண்டுச் சோதனையில் சீனி அசையவில்லை. எலிக்கு நடந்தது மனிதருக்கு அப்படியே நடக்கவில்லை. அழற்சி கூடவே வருகிறது, நிலைமையைக் கெடுக்கவும் செய்கிறது. கிணறு அதுவல்ல, கிணற்றில் மிதக்கும் பாசி என்றே எனக்குப் படுகிறது.

மீதமிருக்கும் சந்தேகம் கொழுப்பு. உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்பதல்ல, எங்கே கொழுப்பு என்பது. 1963 இலேயே பிலிப் ரண்டல் கொழுப்பமிலமும் குளுக்கோசும் தசையில் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன என்றார். ஷுல்மன் அதைத் திருத்தினார். எரிவதில் போட்டியல்ல, தசைக்கும் ஈரலுக்கும் உள்ளே ஒதுங்கிய கொழுப்பின் ஒரு துண்டு, டையசைல்கிளிசரோல், சில நொதியங்களை எழுப்பிவிடுகிறது, அவை போய் இன்சுலின் சொல்லை நெரிக்கின்றன. ஈரலில் அவற்றில் ஒரு நொதியம் வாங்கியிலேயே ஒரு குறிப்பிட்ட இடத்தைக் குத்தி ஊமையாக்குகிறது என்று 2016 இல் அவர் குழு எழுதியது. இன்னொரு கட்சி, குற்றவாளி செரமைட் என்ற வேறு கொழுப்பு, அது நெரிப்பது வாங்கியை அல்ல ஆக்ட்டை என்கிறது. இரண்டு கட்சிக்கும் இடையே இன்னும் சமாதானம் இல்லை.

கதையில் ஒரு குறுக்கு உண்டு. நீண்ட தூரம் ஓடும் வீரர்களின் தசையிலும் கொழுப்பு நிறைய இருக்கிறது, ஆனால் அவர்களின் தசை இன்சுலினை அருமையாகக் கேட்கிறது. 2001 இல் பிரெட் குட்பாஸ்டர் குழுவினர் இதைக் கண்டார்கள். அவர்களுடைய கொழுப்பு வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறது. தேங்கி நின்று அரைகுறைத் துண்டுகளாகவில்லை. அறுவடைக் காலத்து அரிசி ஆலையைப் பாருங்கள். முற்றம் நிறைய நெல் மூடை. ஆனால் லொறி வருகிறது, ஏற்றுகிறது, போகிறது. மூடை கெடுவது மழையில் கிடந்தால்தான்.

நெல் மூடை கெடுவதற்கு முன்பே எழும் கேள்வி வேறு: அதை வைக்கக் களஞ்சியம் இருந்ததா? இங்கேதான் மாமியின் விடை இருக்கிறது என்று நான் நம்புகிறேன். 1946 இல் ரொபர்ட் லோரன்ஸ் ஒரு விசித்திரமான நோயாளியைப் பற்றி எழுதினார். தோலுக்கடியில் கொழுப்பே இல்லை, ஆனால் கடுமையான நீரிழிவு, பெருத்த ஈரல். இப்படிப்பட்டவர்களுக்குக் கொழுப்பை வைக்க இடமில்லை. ஆகவே அது ஈரலிலும் தசையிலும் போய் இறங்குகிறது. உலகிலேயே மிகக் கடுமையான இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களில் சிலர் உடம்பில் கொழுப்பற்றவர்கள். இதற்கு நேரெதிரான சான்று ஒரு மருந்திலிருந்து வந்தது. கிளிட்டசோன் வகை மாத்திரைகள் கொழுப்புக் கலத்தின் கருவில் ஒரு வாங்கியைத் தட்டி, தோலுக்கடியில் புதிய கொழுப்புக் கலங்களை வளரச் செய்கின்றன. நோயாளிக்கு நிறை கூடுகிறது, ஆனால் இன்சுலின் கேட்கத் தொடங்குகிறது. கொழுத்தால் சீனி வரும் என்றே கேட்டுப் பழகிய காதுக்கு இது தலைகீழ்ச் செய்தி. 2017 இல் இன்சுலின் எதிர்ப்போடு தொடர்புடைய 53 மரபணுப் பகுதிகளைத் தொகுத்தவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள்: அவற்றை அதிகம் சுமப்பவர்களின் தோலுக்கடியில், குறிப்பாகக் காலில், கொழுப்பு வைக்கும் இடம் குறைவு.

அப்படிப் பார்த்தால் எதிர்ப்பு என்ற சொல்லே பிழை. கலம் யாரையும் எதிர்த்து நிற்கவில்லை. உள்ளே இடமில்லாதபோது இன்னொரு லொறியை இறக்க விடாத களஞ்சியக்காரர் கலகக்காரரா?

ஆனால் எல்லா மடையும் ஒரே நேரத்தில் மூடுவதில்லை. இந்த நோயின் மிகக் கொடுமையான பகுதி இதுதான். ஈரலில் இன்சுலினுக்கு இரண்டு வேலை: குளுக்கோசு செய்வதை நிறுத்து, கொழுப்புச் செய்வதைத் தொடங்கு. 2008 இல் மைக்கல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் ஒரு முரணை முன்வைத்தார்கள். சீனிக்காரரின் ஈரல் முதல் சொல்லைக் கேட்பதில்லை, குளுக்கோசைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது சொல்லையோ நன்றாகக் கேட்கிறது, கொழுப்பையும் செய்துகொண்டே இருக்கிறது. எங்கள் வாய்க்காலில் ஒரு கிளை தூர்ந்துவிட்டால் என்ன நடக்கும்? அந்தப் பக்கத்து வயற்காரர் போய்ச் சத்தம் போடுவார். தலைமடையில் இன்னும் நீரைத் திறப்பார்கள். தூர்ந்த கிளைக்கு நீர் ஏறாது, மற்றக் கிளையின் பயிர் அழுகும். சதையி அதைத்தான் செய்கிறது. சீனி இறங்கவில்லை என்று இன்னும் இன்னும் இன்சுலினை அனுப்புகிறது. ஈரலில் கொழுப்பு ஊறி, இரத்தத்தில் திரைகிளிசரைட்டு ஏறுகிறது. இதற்கு மனிதச் சாட்சியும் உண்டு. வாங்கியே பழுதான அரிய நோயாளிகளின் ஈரலில் கொழுப்பு ஊறுவதில்லை என்று 2009 இல் ரொபர்ட் செம்பிள் குழுவினர் காட்டினார்கள். இரண்டு கிளையும் அடைபட்டால் வெள்ளம் இல்லை.

இந்த வெள்ளம் ஈரலோடு நிற்பதுமில்லை. பருவமெய்திய பிள்ளைகளின் பின்கழுத்து கறுத்து, வெல்வெட்டுப் போலத் தடித்தால் எங்கள் ஊரில் “கழுத்தத் தேய்ச்சிக் குளி” என்று உம்மாமார் ஏசுவார்கள். பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணான பிள்ளைகள் உண்டு. அது அழுக்கல்ல. இரத்தத்தில் மிகுந்துவிட்ட இன்சுலின் தோலின் கலங்களை வளர்ச்சி வாங்கிகள் வழியே தட்டி எழுப்புவதன் அடையாளம். சூலகத்திலும் இதே கதை. குளுக்கோசு விடயத்தில் சொல் கேளாத உடம்பில் சூலகம் இன்சுலினைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, ஆண் ஓமோன்களை மிகுதியாகச் செய்கிறது, மாதவிடாய் தவறுகிறது, முகத்தில் முடி வருகிறது. இந்தப் பல்பை சூலக நோயில் தெற்காசியப் பெண்களின் இன்சுலின் எதிர்ப்பு ஐரோப்பியப் பெண்களினதைவிடக் கூடியது என்றும், அது இளவயதிலேயே தெரிகிறது என்றும் 2002 இல் எழுதியவர் இலங்கையின் பேராசிரியர் சந்திரிக்கா விஜேரத்ன. கம்பஹாவில் 15 முதல் 39 வயதுப் பெண்களிடம் செய்த ஆய்வு, 2008 இல், 6.3 சதவீதம் என்றது. கலியாணம் முடித்து இரண்டு வருடமாகியும் பிள்ளையில்லை என்று தண்ணீர் ஓதிக் குடிக்கும் பெண்ணுக்கு ஒரு இரத்தப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தால் ஓதிய தண்ணீரின் பரக்கத் குறைந்துவிடாது.

இப்போது மெலிந்த மாமிக்குத் திரும்பலாம். 2004 இல் இலண்டன் மருத்துவ இதழான லான்செட்டில் ஒரு படம் வந்தது. இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்: லண்டனின் ஜோன் யுட்கின், பூனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி ஒன்றே, 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2. தராசு இருவரையும் ஒன்று என்கிறது, உள்ளே இருப்பது வேறு. யாஜ்னிக் இதைப் பிறப்பிலேயே கண்டவர். பூனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்ஹம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. கை, கால், தசை எல்லாம் சிறிது. முதுகுத் தோலுக்கடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவு குறையவில்லை. மெலிந்த கொழுத்த குழந்தை. தசை என்ற பெரிய வயல் சிறிதாகவும், தோலுக்கடிக் களஞ்சியம் சீக்கிரம் நிறைவதாகவும் அமைந்த உடம்புக்கு ஐரோப்பியரின் அளவுகோல் பொருந்தாது. ஆசியருக்கு 23 இலேயே எச்சரிக்கை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொன்னது. இடுப்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்றிமீற்றர் என்பது எங்களுக்கான எல்லை. அபாயாவின் உள்ளே 80 எப்போது 92 ஆனது என்று யாருக்கும் தெரிவதில்லை. தராசைவிடத் தையற்காரரின் அளவு நாடா உண்மை பேசும்.

இதில் ஒரு கருத்து வேறுபாட்டை மறைக்கக் கூடாது. எங்களுக்கு வரும் சீனிக்கு இன்சுலின் எதிர்ப்பே காரணம் என்று இருபது வருடம் எழுதினார்கள். இப்போது ஒரு சாரார், தெற்காசியரின் சதையி ஆரம்பத்திலேயே பலவீனம், கொஞ்சம் எதிர்ப்பு வந்தாலும் அது கைவிட்டுவிடுகிறது என்கிறார்கள். சென்னையில் வி. மோகன், ஆர்.எம். அஞ்சனா குழுவினர் 2020 இல் இந்திய நோயாளிகளை வகை பிரித்தபோது, எதிர்ப்பும் பற்றாக்குறையும் சேர்ந்த ஒரு கூட்டம் தனியே வந்தது. ஐரோப்பியத் தரவுகளில் அப்படி ஒன்று தெளிவாக இருக்கவில்லை. இது வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. மெலிந்த நோயாளிக்கு “நிறையைக் குறையுங்கள்” என்ற ஒரே வசனத்தை எழுதிக்கொடுக்கும் பழக்கத்தை இது கேள்வி கேட்கிறது.

மருந்துகளை விரிக்கப் போவதில்லை. 1957 இல் பாரிஸில் ஜோன் ஸ்டேர்ன் மனிதருக்குக் கொடுத்த மெட்போர்மின் இன்றும் எங்கள் கிளினிக்குகளின் முதல் மாத்திரை. அது ஈரலின் குளுக்கோசு உற்பத்தியைத் தணிக்கிறது, எப்படி என்பதில் அறுபது வருடங்களுக்குப் பிறகும் சண்டை. கோத்தல ஹிம்புட்டு மரக்குவளையில் தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிப்பவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. அதைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். ஜப்பானியர் 1997 இல் அந்த இனத்துச் செடியிலிருந்து சலசினோல் என்ற பொருளைப் பிரித்தார்கள். 2005 இல் இலங்கையில் நடந்த ஒரு சோதனையில் அந்தத் தேநீர் மூன்று மாதச் சீனிச் சராசரியைக் குறைத்தது. ஆனால் அது வேலை செய்வது குடலில், மாப்பொருள் உடைவதைத் தாமதப்படுத்தி. இன்சுலினின் சொல்லுக்கு அது காது தருவதில்லை. மாத்திரையை விட்டுவிட்டுக் குவளையைப் பிடிப்பவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சோற்றைப் பற்றிப் பேசாமல் அம்பாறை மாவட்டத்தில் சீனியைப் பற்றிப் பேச முடியாது. 21 நாடுகளில் 1,32,000 பேரைத் தொடர்ந்த ஆய்வொன்று 2020 இல் வந்தது. நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடும் தெற்காசியருக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடுவோரைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 61 சதவீதம் கூடுதல். எங்கள் வாப்பாமார் இதைவிடப் பெரிய குவியல் சாப்பிட்டார்கள். ஆனால் வயலில் குனிந்து அறுத்தார்கள், மருதமுனையில் தறியில் இருந்து காலால் மிதித்தார்கள், தோணி தள்ளினார்கள். இன்று அறுப்பது இயந்திரம். சோற்றின் அளவு மட்டும் வாப்பாவிடமிருந்து சீதனமாக வந்திருக்கிறது. உணவுத் தாளில் ஒரு கப் சோறு என்று எழுதியிருக்கும். கலியாண வீட்டில் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒரே சஹனில் கை வைக்கும்போது கப்பை யார் வைத்து அளப்பது?

நோன்பு இன்னொரு சோதனை. 13 நாடுகளில் 12,000 க்கு மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவுக்காரர்களிடம் 2001 இல் நடந்த ஆய்வில், இரண்டாம் வகைக்காரரில் ஏறத்தாழ 79 சதவீதத்தினர் குறைந்தது 15 நோன்பு பிடித்திருந்தார்கள். மார்க்கம் சலுகை தந்திருந்தும் அப்படித்தான். கடுமையான சீனி இறக்கம் மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு. ஊசி போடுபவர், சீனியைக் கீழே தள்ளும் மாத்திரை போடுபவர், றமழானுக்கு முன்பே டொக்டரிடம் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அதிலிருந்துதான் வருகிறது. மஃரிபுக்குப் பிறகு நடப்பது இதற்கு நேரெதிர்: பேரீச்சம்பழம், சர்பத், கஞ்சி, சமூசா, பிறகு சோறு. இரவெல்லாம் விழிப்பு. ஆறு இரவுகள் நான்கு மணி நேரமே உறங்கவிட்டால் ஆரோக்கியமான இளைஞர்களின் உடம்பே குளுக்கோசைக் கையாளத் தடுமாறுகிறது என்று சிக்காகோவில் ஈவ் வான் கோட்டர் குழுவினர் 1999 இல் காட்டியிருக்கிறார்கள். பசி குறைத்ததை இஃப்தார் நிரப்பிவிடுகிறது.

இத்தனை மூலக்கூறுகளையும் கடந்து ஒரு பின்வாசல் இருக்கிறது. தசை சுருங்கும்போது குளூட்-4 வாயில்கள் இன்சுலின் சொல்லாமலே மென்சவ்வுக்கு வருகின்றன. வாங்கி, ஐ.ஆர்.எஸ்-1 எதையும் கேட்பதில்லை. கலத்தின் உள்ளே சக்தி குறைந்ததை அறியும் வேறு நொதியங்கள் அவற்றை அழைக்கின்றன. வட்டவிதானை வராவிட்டாலும் வயற்காரரே போய் மடையைத் திறப்பது போல. அதோடு, நடந்து முடித்த தசை அடுத்த ஒன்றிரண்டு நாட்கள் இன்சுலினின் சொல்லையும் முன்னைவிட நன்றாகக் கேட்கிறது. சென்னையில் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006 இல் வெளியிட்ட சோதனையில், சீனி எல்லையில் நின்றவர்களுக்கு நடையும் உணவு மாற்றமும் நோயை 28.5 சதவீதம் குறைத்தன, மெட்போர்மின் 26.4. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் 28.2 தான்.

இதை மாமியிடம் வாயிலையும் மடையையும் வைத்துச் சொன்னேன். அஸருக்குப் பிறகு பக்கத்து வீட்டு ராத்தாவோடு கடற்கரை வீதியில் நடக்கத் தொடங்கியிருக்கிறார். போன கிழமை கேட்டார்: “சாப்பிட்டுப்போட்டு நடந்தா நல்லமா, நடந்துபோட்டுச் சாப்பிட்டா நல்லமா?” சாப்பிட்ட பிறகு நடந்தால் ஏறும் சீனியைத் தசை அப்போதே பிடித்துக்கொள்ளும் என்றேன். “அப்ப இரவைக்கு இடியப்பம் திண்டுட்டு நடக்கிறன்” என்றார். எத்தனை இடியப்பம் என்று கேட்டேன். மாமி அன்றைய மீனாணத்தின் புளியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.